மயில்கழுத்துக் கட்டம்

ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்கள், போய்விட்டது, இனி நாலு மணிக்குத்தான் வரும், நல்லதாகப் போயிற்று. மோட்டார் ஓடாது என்றால் மிஷின் ஓடாது, மிஷின் ஓடாது என்றால் "அக்கா, என் ஜாக்கெட் ஆச்சா?" என்று பொன்மலைப்பட்டியில் எவளும் என் வாசலில் வந்து நிற்க மாட்டாள், நின்றாலும் மேலே ஃபேனைக் காட்டிவிடலாம். காலால் மிதித்துத் தைக்கலாமே என்று ஒருத்தி கேட்பாள், கேட்கட்டும், மோட்டார் போட்ட நாளிலிருந்து என் கால் அதை மறந்துவிட்டது, மிதித்தால் சக்கரம் பின்னால் சுற்றுகிறது, நூல் அறுகிறது, எனக்குக் கோபம் வருகிறது. இன்றைக்கு மிஷினே வேண்டாம். ஜன்னல் ஓரமாகப் பாயைப் போட்டு, காலை நீட்டி, ஒட்டுப் போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருஷமாக முடியாத போர்வையை இன்று நாலு மணிக்குள் முடித்துவிடப் போகிறேன், நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தில்லைநாயகி, ஒன்பது வருஷமாய் என்னடி செய்துகொண்டிருந்தாய்? தைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருக்கிற அத்தனை முதுகுக்கும் தைத்தேன். சொந்த மகளுக்குப் போர்வை முடிக்க நேரமில்லை, வீட்டுக்காரருக்கு இரண்டாவது பித்தான் வைக்க நேரமில்லை, அவரும் பாவம் அதை ஊக்கால் குத்திக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வருகிறார், டெய்லர் புருஷன் என்று அங்கே கேலி வேறு.

மொத்தம் நூற்றெட்டுக் கட்டம். அகலத்துக்கு ஒன்பது, நீளத்துக்குப் பன்னிரண்டு. மேலே இந்தத் துண்டுகள், நடுவில் பழைய கம்பளி ஒன்று, அடியில் மெத்தென்று கைத்தறித் துணி, மூன்றும் நகராமல் இருக்க ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிக் கையால் ஓட்டுத்தையல். போன வாரம் மதிய நேரங்களில் இரண்டு ஓரத்திலிருந்தும் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டேன், நடுவில் தொடங்க வேண்டும் என்பார்கள், நான் ஓரத்திலிருந்துதான் எதையும் தின்பேன், இட்லியும் அப்படித்தான். இனி நடுவில் மூன்று வரிசை, பிறகு சுற்றி ஓரப்பட்டி. கயல் போன மாதம் டேராடூனிலிருந்து போனில் சொன்னாள், "அம்மா, இங்க காலைல தண்ணியத் தொட்டா இந்த விரல் என்னோடதுதானான்னு சந்தேகமா இருக்கு." மரங்களைப் பற்றி ஆராய்ச்சி படிக்கப் போயிருக்கிறாள், திருச்சியில் மரமே இல்லாத மாதிரி. அங்கே பஞ்சு அடைத்த நல்ல ரஜாய் கிடைக்குமே, ஒன்று வாங்கிக்கொள் என்றேன். "வாங்குறேன். ஆனா எனக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சியே, அது எங்க?" என்றாள். பதினாலு வயசில் பார்த்ததை இருபத்துமூன்று வயசில் கேட்கிறாள், பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தது மறந்துபோகும், கொடுக்காதது மறக்காது. அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி மேல் பலகையிலிருந்து பெட்டியை இறக்கினேன். நாப்தலின் வாசனையோடு எல்லாக் கட்டமும் அப்படியே இருந்தது. இதோ இந்த மஞ்சள், ஜாக்கெட்டுக்குள் போன் வைக்கப் பை வேண்டும் என்று கேட்ட டீச்சருடையது, வைத்துக் கொடுத்தேன், வகுப்பு நடக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மணி அடித்துவிட்டது என்று வந்து என்னையே திட்டினாள். இந்தச் சிவப்பு ஒரு கல்யாணப் பெண்ணுடையது, முகூர்த்தத்துக்கு முன்னால் மூன்று தடவை இளைத்தாள், மூன்று தடவை பிடித்தேன், பந்தி முடிந்ததும் பிரித்துவிடச் சொல்லி வந்து நின்றாள். எல்லாம் வெட்டியது போக மிஞ்சியது, எல்லாம் கேட்டு வாங்கியது. இது முக்கியம். டெய்லர் என்றால் துணி எடுப்பாள் என்று ஊரே நினைக்கும், கால் மீட்டர் கூடக் கொடுத்துவிட்டு நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அரை அடித் துண்டைக்கூடப் பொட்டலத்தில் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறவள். துணி திருடாத டெய்லர் என்று பேர். இருபத்தாறு வருஷத்துப் பேர். அதில் ஒருத்தி மட்டும் கை வைத்தாள்.

ஒருத்தி என்றால் அற்புதமேரிதான். நாலு மணிக்கு வரப்போகிறாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்த வாசற்படியை மிதிக்கப் போகிறாள், அதுவும் எனக்காக இல்லை, போர்வைக்காக. அவள் மகன் ஜெரால்டு மிலிட்டரியில் சேர்ந்து இப்போது டேராடூனில்தான் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை, அதனால் அற்புதமும் அவள் வீட்டுக்காரர் சூசைராஜும் நாளை சாயங்காலம் ரயிலேறிப் பிள்ளையைப் பார்க்கப் போகிறார்கள். போகிறவர்கள் கயலுக்குப் போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று எங்கள் வீட்டுக்காரரும் சூசைராஜும் பேசி முடித்துவிட்டார்கள். இந்த ஆம்பளைகள் இருக்கிறார்களே, நாங்கள் இரண்டு பேரும் மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு ஒன்பது வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம், இவர்கள் இரண்டு பேரும் ஒரு நாள்கூட விடாமல் ஒன்றாக நடந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள், என் புளிக்குழம்பை அவள் புருஷன் தின்றார், அவள் மீன்குழம்பு எங்கள் வீட்டுக்காரர் சட்டையில் மணந்தது. சண்டை என்றால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? நானாவது மரியாதையாகச் சண்டை போட்டேன். எதிரில் வந்தால் தெரு மாறினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகும்போது ஜன்னலிலிருந்து பார்ப்பேன், பார்க்காமல் இருக்க முடியாது, அவள் தோளைப் பார்ப்பேன். எவனோ தைத்திருக்கிறான். தோள்பட்டை இறங்கிக் கிடக்கும், கக்கத்தில் துணி சுருண்டு நிற்கும், முதுகில் குறுக்கே ஒரு சுருக்கம். ஒரு வருஷமா இரண்டு வருஷமா, ஒன்பது கிறிஸ்துமஸ், ஒன்பது ஈஸ்டர், ஒரு ஜாக்கெட்கூட அவளுக்கு உட்காரவில்லை. எனக்குக் கை பரபரக்கும். போய்க் கூப்பிட்டு, அந்தத் தோளை முக்கால் அங்குலம் ஏற்றிவிட்டு, பிறகு பேசாமல் வந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இந்தப் போர்வையே அவள் யோசனைதான். தீபாவளி முடிந்து வேலை குறைந்த நாளில் வந்து, மூட்டை மூட்டையாகத் துண்டைப் பார்த்துவிட்டு, "இத்தன கலரையும் மூட்டையில கட்டி வச்சிருக்கியே நாயகி, ஒண்ணாத் தெச்சா கயலுக்கு ஒரு போர்வையாகும்ல?" என்றாள். நான் வெட்டினேன், அவள் கலர் அடுக்கினாள். பச்சைக்குப் பக்கத்தில் ஊதா வைப்பாள், நான் முகம் சுளிப்பேன், வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும். தைக்கத் தெரியாது, பித்தான் வைத்தால் மூன்றாம் நாள் உதிரும், ஆனால் கண் மட்டும் அப்படி ஒரு கண். மேல்துணி முழுக்க இணைத்து முடித்தோம். டிசம்பர் வந்தது, கிறிஸ்துமஸ் ஜாக்கெட்டுகள் குவிந்தன, பண்டிகை முடியட்டும் என்று மடித்து வைத்தோம். அப்போதுதான் அந்த அளவு ஜாக்கெட் சண்டை. அற்புதத்துக்கு டேப் வைத்து அளவெடுக்க முடியாது, அப்படிக் கூச்சம் அவளுக்கு, டேப் முனை பட்டாலே நெளிவாள், சிரிப்பாள், கையை இடுக்கிக்கொள்வாள். முதல் தடவை அளவெடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று, இரண்டு பேருக்கும் வயிறு வலித்தது. அந்த அளவில் தைத்ததுதான் மயில்கழுத்துக் கலரில் தங்கப் புள்ளி போட்ட ஜாக்கெட், ஜெரால்டு கோயிலில் முதல் தடவை நன்மை வாங்கின புதுநன்மைக்குப் போட்டுக்கொண்டாள், தைத்தது தெரியாமல் உடம்பிலேயே முளைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு டேப்பே கிடையாது, அதுதான் அளவு ஜாக்கெட், புதுத்துணி கொடுக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துக் கொடுப்பாள். அந்த டிசம்பரில் வந்து, "நாயகி, அளவு ஜாக்கெட் உன்கிட்டதான இருக்கு?" என்றாள். ஜெரால்டிடம் கொடுத்தனுப்பிவிட்டேன் என்றேன். அவன் வாங்கவில்லையாம். வாங்கினான், நான்தானே பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தேன், விளையாடுகிற இடத்தில் போட்டிருப்பான் என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "துண்டு மூட்டையில ஒரு தடவ பாரேன்டி" என்றாள். துண்டு மூட்டையில் பார்ப்பதா? நாலு பேர் முன்னால் என் மூட்டையைச் சோதிப்பதா? மிஷின் மேல் கையை வைத்து, "இது மேல சத்தியம், உன் துணியில ஒரு நூல்கூட என்கிட்ட இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப எம்புள்ள பொய் சொல்றான்" என்றாள். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்திருந்த துணியை வெட்டாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நடு வரிசை வந்துவிட்டேன். ஆறாவது வரிசை, மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, ஊசி தன்பாட்டுக்குப் போகிறது, நாலு தையல் ஏற்றி ஒரு இழுப்பு, நாலு தையல் ஏற்றி ஒரு இழுப்பு, வாயில் ஏதோ பாட்டுக்கூட வருகிறது, வெளியே வெயில் நன்றாக அடிக்கிறது. வெள்ளைப் பூ, கத்திரிப்பூ, பச்சை, இது மயில்கழுத்து, மயில்கழுத்தில் மட்டும் இந்தப் போர்வையில் ஏழெட்டு இருக்கும், ஒரு வருஷம் ஊரே அந்தக் கலர் எடுத்தது. ஊசி லேசாக இடறியது. துணி அந்த இடத்தில் கொஞ்சம் தடித்த மாதிரி, ஒரு மடிப்பு இருந்து போன மாதிரி. பெருவிரலால் நீவினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். பொடிப்பொடியாக ஊசி ஓட்டைகள், ஒரு வரிசை இந்தப் பக்கம், ஒரு வரிசை அந்தப் பக்கம், இரண்டும் போய் ஒரு முனையில் சேர்கின்றன. நடுவில் மட்டும் கலர் கூடுதலாக இருக்கிறது, வெளியே வெளுத்திருக்கிறது, உள்ளே வெளுக்கவில்லை. டாட் பிடித்த தடம். மார்புக்குக் கீழே துணியை மடித்துப் பிடிக்கிற டாட். வெட்டி மிஞ்சின துண்டில் டாட் எப்படி வரும்? மிஞ்சின துண்டை யார் தைத்தார்கள், யார் போட்டார்கள், யார் துவைத்து வெயிலில் காயப்போட்டு அது வெளுத்தது? தங்கப் புள்ளி தேய்ந்துபோய்ச் சில இடத்தில் வெறும் மஞ்சளாக இருந்தது. ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது, வரவே கூடாது என்று இத்தனை வருஷம் எங்கேயோ உட்கார்ந்திருந்தது எழுந்து நேரே நடந்து வந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அற்புதம்தான் கொண்டுவந்து கொடுத்தாள், "பக்கத்தையும் டாட்டையும் பிரிச்சு விடுடி, விருந்து விருந்தாத் தின்னு ஊதிப்போயிட்டேன்" என்று. அளவு ஜாக்கெட்டையே பிரித்துவிட்டால் அப்புறம் நான் எதை வைத்து அளவெடுப்பது என்று கேட்டேன். தைத்து முடித்தால் அதுதானே புது அளவு என்றாள். பிரித்தேன். பக்கம், கை, டாட், எல்லாம் பிரித்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி மேசை ஓரத்தில் வைத்தேன். பிரித்துத் தேய்த்த ஜாக்கெட்டுக்கும் வெட்டி மிஞ்சின துண்டுக்கும் என்ன வித்தியாசம்? தீபாவளிக் கூட்டத்தில் மேசையை ஒரே வாரலாக வாரி மூட்டையில் போட்டவள் நான்தான். அதே மூட்டையிலிருந்து எடுத்துக் கட்டம் கட்டமாக வெட்டியவளும் நான்தான். ஜாக்கெட் என்று நினைத்து நான் சாதித்தேனே, ஜெரால்டிடம் கொடுத்த அந்தப் பொட்டலத்தில் இருந்தது அவளுடைய புடவை, ஃபால்ஸ் வைத்துக் கொடுத்தது.

நான் எடுக்கவில்லை. அது உண்மை. ஆனால் என்னிடம் இருந்தது. அவளே கலர் அடுக்கும்போது இதைக் கையில் எடுத்து இங்கே வைத்திருக்கிறாள், நட்ட நடுவில், ஒரு பக்கம் கத்திரிப்பூ, ஒரு பக்கம் பச்சை, கட்டமாக வெட்டிய பிறகு அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது, சத்தியமாக வந்தது. மணி பன்னிரண்டரை. நாலு மணிக்கு அவள் வருவாள், வாங்கி மடித்துப் பையில் வைத்தால் தெரியாது. ஆனால் ரயிலில் இரண்டு இரவு. ஏசி பெட்டியில் குளிரும். பையைத் திறந்து இதைத்தான் போர்த்திக்கொள்வாள், எனக்குத் தெரியும், இன்னொருத்தர் வீட்டுப் பொருள் என்று பார்க்கிற ஜென்மம் இல்லை அவள். மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொரு கலராகத் தடவிப் பார்ப்பாள். பையின் வாயையே தைத்துவிட்டால்? நல்ல யோசனை, வெடிகுண்டு என்று போலீஸ் வந்து பிரிக்கும். மேலே ஒரு பூ வெட்டி ஒட்டிவிட்டால்? சிவப்பில் ஒரு பூ வெட்டி வைத்துப் பார்த்தேன், நூற்றெட்டுக் கட்டத்தில் ஒன்றில் மட்டும் பூ, ஊரே அதைத்தான் பார்க்கும். கட்டத்தையே பிரித்து எடுத்துவிட்டு வேறு வைத்தால்? மயில்கழுத்தில் புதுத்துண்டு ஒன்று மூட்டையில் கிடக்கிறது, அரை மணி வேலை, யாருக்கும் தெரியாது. பிளேடை எடுத்தேன். நாலு தையல் அறுத்தேன். டக், டக் என்று கேட்டது, அவ்வளவு சின்னச் சத்தம் கேட்கிற அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது.

அன்றைக்கு வீடு அமைதியாக இல்லை. அற்புதம் துணியை எடுத்துக்கொண்டு போனாளே, போய்க் கொஞ்ச நேரத்தில் ஜெரால்டின் குரல் கேட்டது, பதிமூன்று வயசுப் பையன், "நான் வாங்கலம்மா, நெசமா நான் வாங்கலம்மா" என்று. மூன்று வீடு தாண்டி அடி விழுகிற சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன்? மோட்டாரை வேகமாக விட்டேன். முழு வேகத்தில் விட்டு, தைக்க வேண்டியதும் தைக்க வேண்டாததுமாகத் தைத்துத் தள்ளினேன், அந்தப் பையன் குரல் அதற்குள் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இன்றைக்கு மோட்டாரும் ஓடாது. பிளேடைக் கீழே வைத்தேன். அதே பையன்தான் போன மாதம் கயலுக்குக் கேஸ் அடுப்பு தூக்கிக்கொண்டு போய் வைத்துக் கொடுத்திருக்கிறான், "ஜெரால்டு ரொம்ப நல்லவன்ம்மா, அத்தை எப்டியிருக்காங்கன்னு கேட்டான்" என்றாள் கயல். அத்தை என்றால் நான். இதை எடுத்துவிட்டு வேறு வைத்தால் யாருக்கும் தெரியாது, சரிதான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாலு மணிக்கு வருவாள், போர்வையை வாங்குவாள், "வரேன்" என்பாள், போவாள், நான் துணி திருடாத டெய்லராகவே இருப்பேன், மறுபடியும் ஜன்னலில் நின்று அவள் தோளைப் பார்ப்பேன். எனக்கு அந்தப் பேர் வேண்டாம். எனக்கு அற்புதம் வேண்டும். அவள் பச்சைக்குப் பக்கத்தில் ஊதாவை வைக்க வேண்டும், நான் முகம் சுளிக்க வேண்டும்.

"சாப்பிடலயா நாயகி?" என்று, இன்றைக்கு லீவில் வீட்டில் இருந்த எங்கள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார், எலுமிச்சைச் சோற்றுத் தட்டோடு. அவர் பேர் சந்தானம், நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. "ஏங்க, நான் அற்புதத்தோட அளவு ஜாக்கெட்ட வெட்டிட்டேங்க" என்றேன். "இப்பவா?" என்று தட்டைக் கீழே வைத்தார். "ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி." கட்டத்தைக் காட்டினேன், டாட் தடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார், முடியவில்லை. "அப்ப இத்தன வருஷமா நீங்க சண்ட போட்டது இந்தப் பெட்டிக்குள்ளயே இருந்திச்சா?" என்றார். சிரிக்காதீங்க என்றேன், நானும் சிரித்துவிட்டேன், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். "சூசைகிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லிரவா? அவன் சொன்னா தங்கச்சி கேட்டுக்கும்." "வாயத் தொறந்தீங்க, உங்களுக்கு இந்த ஜென்மத்துல ரெண்டாவது பித்தான் கெடையாது" என்றேன். சோறு இரண்டு வாய் இறங்கியது, பிறகு தட்டு முழுக்க இறங்கியது, பயத்தில் எனக்குப் பசி எடுக்கும். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, அறுத்த நாலு தையலையும் திரும்பப் போட்டேன். அந்தக் கட்டத்தைச் சுற்றி மற்றதைவிடப் பொடித் தையலாக, ஒழுங்காக ஓட்டினேன். ஏழாவது வரிசை முடிந்தது. மணி இரண்டேகாலுக்கு ஓரப்பட்டியைத் தொடங்கினேன், மெரூன் பட்டி, ஒரு பக்கம், இரண்டாவது பக்கம், எம்மிங் தையலில் விரல் தன்னால் ஓடியது, மனசு மட்டும் முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டிருந்தது. எப்படித் தொடங்குவது? வா அற்புதம், உட்கார், காபி சாப்பிடு, நான் உன் ஜாக்கெட்டை வெட்டிவிட்டேன். காபிக்கு முன்னாலா பின்னாலா? முன்னால் சொன்னால் காபி குடிக்க மாட்டாள், பின்னால் சொன்னால் குடித்த காபிக்கும் சேர்த்துத் திட்டுவாள். மூன்றாவது பக்கம். நாலாவது. இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"கரண்ட் இல்லையா?" என்று வாசலில் குரல். மணி மூன்றேகால். நாலு மணி என்று சொன்னால் முக்கால் மணி முன்னால் வருகிற பழக்கம் அவளுக்கு, எனக்கு மறந்தே போயிருந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கிறவளுக்கு இங்கே கரண்ட் இல்லாதது எப்படித் தெரியாமல் போகும், ஆனால் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை என்று ஏதாவது ஒன்று வேண்டுமே. "நாலு மணிக்குத்தான் வரும், உள்ள வா" என்றேன். வந்தாள். செருப்பைக் கழற்றி எப்போதும் வைக்கிற மூலையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார வேண்டியவள் பாயிலேயே உட்கார்ந்தாள், பக்கத்தில் ஒரு துணிப்பை. முடி நரைத்திருக்கிறது, கிட்டே பார்க்கும்போதுதான் தெரிகிறது. "முடிஞ்சிருச்சா?" என்று போர்வையைத் தொட்டாள், கை பச்சைக்கும் ஊதாவுக்கும் நடுவில் போய் நின்றது. "நான்தான் வச்சேன் இத" என்று தனக்கே சொன்ன மாதிரி சொன்னாள். காபிக்கு முன்னால், பின்னால் என்று யோசித்ததெல்லாம் போய்விட்டது. போர்வையை அவள் பக்கமாக இழுத்து நடுக் கட்டத்தில் விரலை வைத்தேன். "இதப் பாரு அற்புதம்" என்றேன்.

பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். குனிந்தாள். தைக்கத் தெரியாது அவளுக்கு, ஆனால் சொன்னேனே, அந்தக் கண். தங்கப் புள்ளியைப் பார்த்தாள், டாட் தடத்தை விரலால் கீழிருந்து முனைவரை தடவினாள், பிறகு அந்த விரலை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பிரிக்கக் கொடுத்தியே, தீபாவளிக்கு. மூட்டையில வாரிப் போட்டிருக்கேன். நீ பாக்கச் சொன்னப்ப நான் பாக்கல" என்றேன். அவள் தொங்கிக்கொண்டிருந்த ஊசியை எடுத்தாள். பாக்கி இருந்த ஒரு சாண் ஓரப்பட்டியைத் தைக்கத் தொடங்கினாள். கோணலும் மாணலுமாக, ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. தைத்து முடித்தாள், முடிச்சுப் போட்டாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அன்னிக்கு ஜெரால்ட அடிச்சேன்டி" என்றாள். "கேட்டுச்சு" என்றேன். "கேட்டுச்சா?" என்று நிமிர்ந்தாள். "கேட்டுச்சு. மிஷின வேகமா விட்டுட்டேன்." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்த மாதிரி இருந்தது. "அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றாள். "சொல்றேன். இன்னிக்கே போன் போட்டுச் சொல்றேன்." "நானும் அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு மறுபடியும் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பயந்தேன், இல்லை. "நானே எடுத்து நட்ட நடுவுல வச்சிருக்கேன் பாரேன்டி" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கதவுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரர் இருமுகிற மாதிரி சிரித்தார்.

துணிப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். பிரித்தேன். கருஞ்சிவப்பு ஜாக்கெட் துணி, மடிப்புக்கூடக் கலையாமல், அந்த டிசம்பரில் வெட்டாமல் எடுத்துக்கொண்டு போனாளே அதே துணி. "இதுக்குள்ள வேற ஒருத்தன் கத்திரிய விடுறதுக்கு மனசு வரல" என்றாள். "வர்ற கிறிஸ்துமஸுக்கு வேணும். ஊருக்குப் போயிட்டு வந்து வாங்கிக்கிறேன்." பழைய வழக்கத்தில் கையை நீட்டினேன், "அளவு ஜாக்கெட் எங்க?" என்று கேட்டும்விட்டேன், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அளவு ஜாக்கெட்டா? டேராடூனுக்குப் போகப்போகுது" என்றாள். எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவளைப் போல. "எடு டேப்ப" என்றாள். டேப்பை எடுத்தேன். கையைத் தூக்கு என்றேன், தூக்கினாள். டேப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு முனையையும் முன்பக்கம் இழுத்துச் சேர்க்க வேண்டும், இரண்டு கையாலும் ஆளைக் கட்டிக்கொள்ளாமல் அது முடியாது, இருபத்தாறு வருஷமாக எல்லாருக்கும் செய்கிறதுதான். டேப் பட்டதும் நெளிந்தாள், சிரித்தாள், என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், "சீக்கிரம்டி, கூசுது, எத்தன வருது?" என்றாள். டேப்பின் இரண்டு முனையும் இன்னும் அவள் முதுகுக்குப் பின்னால் என் கையில்தான் இருந்தன, நான் முன்னால் இழுக்கவில்லை.

"இரு" என்றேன், "இன்னும் பாக்கல."